கொழுந்துக் கத்தரியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள்

முதலில் என்னைக் காட்டிக்கொடுத்தது கையுறைதான்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் கூட்டம்) நின்றிருந்தோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டார்கள். எனக்கு மற்ற விரல்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. வலது கை மோதிர விரல் மட்டும் போக மறுத்தது. இழுத்துப் பார்த்தேன், பல்லால் கடித்தும் இழுத்தேன். அந்த விரல் பாதி மடங்கி, உள்ளங்கையைப் பார்த்தபடியே இருந்தது.

பக்கத்தில் நின்ற அஞ்சலை, "என்னா பரமு, கிளவுஸ் சின்னதா போச்சா? நேத்து வரைக்கும் நல்லாத்தானே லா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கழுவுனதுல சுருங்கிடுச்சு" என்றேன்.

ரப்பர் எங்கே சுருங்கும்? அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டு மேட்டில் ஏறினோம்.

என் பெயர் பரமேஸ்வரி. அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அதற்குள் முப்பத்தைந்து வருடம் கொழுந்து வெட்டியிருந்தேன். எங்கள் மலையில் இப்போது யாரும் கொழுந்தைக் கிள்ளுவதில்லை. சமமான இடங்களில் இரண்டு பேர் பிடிக்கும் இயந்திரம் வெட்டுகிறது. இயந்திரம் ஏறாத சரிவுகளில் கத்தரி. இரண்டு முழ நீளக் கத்தரியின் ஒரு அலகில் தட்டு பொருத்தியிருக்கும். வெட்டிய கொழுந்து அதில் விழும். நிறைந்ததும் முதுகுக் கூடைக்குள் வீசுவோம். சரிவுக்குப் போகிறவர்களில் நான் ஒருத்தி.

இதை எழுதுவது, உங்கள் உள்ளங்கையிலும் ஒரு கட்டி இருந்து, அதைக் காய்ப்பு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், என்னைப் போல இரண்டு வருடத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காக.

நான் அதைக் காய்ப்பு என்றுதான் நினைத்தேன். மோதிர விரலுக்கு நேர் கீழே, உள்ளங்கை நடுவில், பச்சைப் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு. கத்தரி பிடிக்கிற எல்லோர் கையிலும் ஏதோ ஒரு காய்ப்பு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, தோல் ஊறியிருக்கும்போதே பிளேடால் சீவிவிடுவோம். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இது நகம் வெட்டுவது போன்ற ஒரு வேலை. நானும் வாரா வாரம் சீவினேன். தோல்தான் உரிந்தது, முடிச்சு அசையவில்லை. ஒரு தடவை ரத்தம் வரும் வரை சீவி, மஞ்சளை அப்பிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. விரல் மெல்ல மடங்க மடங்க, கத்தரியின் பிடிக்கு அது கொக்கி போட்ட மாதிரி வாகாக உட்கார்ந்துகொண்டது. மழை ஈரத்தில் மற்றவர்களுக்குக் கத்தரி வழுக்கும், எனக்கு வழுக்காது. "பரமு பிடிச்சா பிடிச்சதுதான்" என்று கங்காணி சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது. நோய் என் வேலைக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்த முட்டாள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கையுறை மாட்ட முடியாமல் போன அந்த வாரமே, தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெஸரிடம் காட்டினேன். வாதம் என்று தைலம் கொடுத்தார். இரண்டு குப்பி தீர்ந்த பிறகு, தானா ராத்தாவில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். அந்தப் பெண் தைலத்தையும் கேட்கவில்லை, வேலையையும் கேட்கவில்லை. "உள்ளங்கையை மேசையில் தட்டையாக வையுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

வைத்தேன். இடது கை தட்டையாகப் படிந்தது. வலது கைக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு எலி ஓடலாம். இந்தச் சோதனையை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், அரை நிமிடம் ஆகாது.

நோயின் பெயர் டூப்பிட்ரன். தோலுக்கு அடியில் உள்ளங்கை முழுக்கப் படர்ந்திருக்கும் இணைப்புத் திசுப் படலம் (தோலையும் உள்ளே இருப்பவற்றையும் பிடித்து வைக்கும் மெல்லிய விரிப்பு) தடித்து, முடிச்சாகி, கயிறாகத் திரண்டு விரலை உள்ளே இழுக்கிறது. புற்று கிடையாது, தொற்றவும் தொற்றாது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஆண்களுக்கு அதிகம், பெண்களுக்குக் குறைவு. "நம் ஆட்களிடம் நான் அதிகம் பார்த்ததில்லை" என்றார் மருத்துவர். "வீட்டில் வேறு யாருக்காவது?" என்று கேட்டார்.

என் அப்பாவுக்கு இருந்தது.

அப்பா கவாத்துக்காரர். தேயிலைச் செடியைக் கத்தியால் கட்டையடிக்கும் வேலை. அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. கத்தியைப் பிடித்துப் பிடித்து அப்படி ஆனது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவரும் அப்படித்தான் நம்பினார். கத்தியை விட முடியாத கைக்குச் சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்கத் தெரியவில்லை. ஐம்பது வயதில் வேலைக்கு லாயக்கில்லை என்று அவரை நிறுத்தினார்கள். லயத்து வீடு வேலை செய்கிறவருக்குத்தான். அப்பாவின் பெயர் போனதும் வீடும் போனது. நாங்கள் ஒரு சித்தப்பா வீட்டு முன்கூடத்தில் திரை கட்டி மூன்று வருடம் இருந்தோம். பதினெட்டு வயதானதும் நான் தோட்டத்து வேலைக்குப் பெயர் கொடுத்தேன், அந்த வருடமே வீடு திரும்பக் கிடைத்தது. அப்பா செத்தபோது கைகளைக் கூப்பி வைத்துக் கட்டப் பார்த்தார்கள். வலது கை கடைசி வரை படியவில்லை.

ஆகவே எனக்கு வந்த பயம் விரலைப் பற்றியது அல்ல என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். என் கணவர் குணசேகரன் தோட்டத்து ஆள் இல்லை. கம்போங் ராஜாவிலிருந்து கோசும் தக்காளியும் ஏற்றி ஈப்போவுக்கு லோரி ஓட்டுகிறார். நாங்கள் இருக்கும் வீடு என் பெயரில், என் கையில் இருக்கிறது. வேறு வீடு எங்களுக்கு இல்லை.

ஈப்போவில் கை அறுவை செய்யும் டாக்டர் ஒரு சீனர். மலாயில்தான் பேசிக்கொண்டோம், நினைவில் உள்ளபடி தமிழில் எழுதுகிறேன்.

"வெட்டி எடுக்கலாம். விரல் நேராகும், ஆனால் முழுக்க நேராகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். சில வருடத்தில் மறுபடி வரலாம். அறுவையைவிட அதற்குப் பிறகு கையை அசைப்பதுதான் முக்கியம். புரிகிறதா?"

"புரிகிறது டாக்டர்" என்றேன். எனக்குக் காதில் விழுந்தது 'நேராகும்' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். விழித்தே இருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் யாருடைய கையையோ அறுப்பது போலக் கத்திரிச் சத்தம் கேட்டது. கட்டுப் பிரித்தபோது உள்ளங்கையிலிருந்து விரல் வரை வளைந்து வளைந்து தையல், எங்கள் மலைப்பாதை மாதிரியே. விரல் நேராக இருந்தது. குணா அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். ஆளாளுக்குப் பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படம் அனுப்பினார்கள்.

இனிமேல்தான் நாங்கள் செய்த தவறு வருகிறது.

குணாவின் அக்கா லெட்சுமி சுங்கை சிப்புட்டிலிருந்து என்னைப் பார்த்துக்கொள்ள வந்தார். கையில் ஹாருவான் (விரால்) மீன். அறுவை செய்த உடம்புக்கு ஹாருவான் சூப் கொடுத்தால் புண் சீக்கிரம் கூடும் என்று இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா பிள்ளை பெற்றவளுக்குச் செய்வது போல எனக்குப் பத்தியம் தொடங்கினார். இறால் கூடாது, கத்தரிக்காய் கூடாது, கையில் தண்ணீர் படக்கூடாது, காற்றுப் படக்கூடாது.

"இந்த மலைக் குளிர் எலும்புக்குள்ள இறங்கிட்டா ஆயுசுக்கும் போகாது பரமு. கைய ஆட்டாத. நெஞ்சோட வச்சுக்கோ" என்று கம்பளித் துணி சுற்றி, பழைய சேலையைக் கிழித்துக் கழுத்தோடு தொட்டில் கட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். தூங்கும்போது மட்டும் பிளாஸ்டிக் தாங்கியை (விரலை நேராகப் பிடித்து வைக்கும் பட்டை) மாட்ட வேண்டும், பகலில் மணிக்கு ஒரு தரம் விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். மலாயில் தெளிவாக எழுதியிருந்தது. எனக்கு மலாய் வாசிக்கத் தெரியாமல் இல்லை. அந்தத் தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்துவிட்டுத் தாங்கியை இரவும் பகலும் மாட்டிக்கொண்டேன். மடக்கினால் வலித்தது, மடக்காமல் இருக்கச் சொல்ல ஆள் இருந்தது. தையலை இங்கேயே கிளினிக்கில் பிரித்துவிட்டார்கள். கைப்பயிற்சிக்கு இரண்டு தடவை ஈப்போ வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை பள்ளி விடுமுறை; கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்களுக்குள் சிக்கிக்கொண்டு பாதியில் திரும்பினோம். அடுத்த தடவை, "புண்ணு நல்லா காயட்டும், அப்புறம் போலாம்" என்றார் அக்கா. நானும் சரி என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடத்தில் எனக்கு யாரும் சோறு ஊட்டியதில்லை. அக்கா ஊட்டினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது வாரத்தில் எரிச்சல் தொடங்கியது. மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் விட்டால் வருமே, அந்த எரிச்சல், ஆனால் நிற்காமல். கை வீங்கிப் பளபளத்தது. காலையில் சிவப்பு, சாயங்காலம் நீலம். போர்வை பட்டால் அலறினேன். "குளிர்தான் இறங்கிடுச்சு" என்று அக்கா இன்னும் ஒரு சுற்றுத் துணி சுற்றினார்.

ஆறு வாரம் கழித்து டாக்டர் கட்டைப் பிரித்தார். புண் அழகாக ஆறியிருந்தது. மடங்கிய விரல் நேராகத்தான் இருந்தது. ஆனால் இப்போது ஐந்து விரல்களும் மடங்கவில்லை. பெருவிரலால் சுண்டு விரலைத் தொடச் சொன்னார், பாதி வழியில் நின்றுவிட்டது.

"பயிற்சி செய்தீர்களா?"

"செய்தேன் டாக்டர்."

கைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணின் பெயர் நூருல். அவள் என் கையைப் பார்க்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தாள். சேலைத் தொட்டில் அறுத்த தழும்பு அங்கே கறுப்பாக இருந்தது.

"ஆன்ட்டி, எத்தனை நாள் கட்டி வைத்திருந்தீர்கள்?" என்று மெல்லக் கேட்டாள்.

அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. சிக்கலான வட்டார வலி நோய் (காயம் ஆறிய பிறகும் நரம்புகள் ஓயாமல் வலியை அனுப்பிக்கொண்டிருக்கும் நிலை) என்றார். "கட்டி வைக்காதவர்களுக்கும் இது வருகிறது. எல்லாம் உங்கள் குற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அசைக்காமல் வைத்தது அதற்குத் தீனி போட்டது. இனி என்னிடம் பொய் சொல்லாதீர்கள்."

வீட்டுக்கு வந்ததும் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கட்டிலில் போட்டேன். நேரே குழாயடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரில் கையை வைத்தேன். உயிர் போய்த் திரும்பி வந்தது. அக்கா ஓடி வந்து குழாயை மூடினார்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு? இவ்வளவு நாளு பட்ட பாடெல்லாம் வீணாப் போகணுமா?"

"அக்கா, கைய ஆட்டணுமாம். ஆட்டாததுனாலதான் இப்படியாம்."

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "அப்ப நான்தான் ஒன் கைய கெடுத்துட்டனா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் மனமில்லை. "தாள்ல எழுதியிருந்துச்சுக்கா. நான் படிச்சேன். படிச்சிட்டுத்தான் சும்மா இருந்தேன்" என்றேன். அவர் குழாயைத் தாமே திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். மறுவாரம் ஊருக்குப் போகும் வரை, மணிக்கொரு தரம் "பரமு, கைய ஆட்டு" என்று அடுப்படியிலிருந்து கத்தியதும் அவர்தான்.

இதற்கிடையில் சின்ன துரை வீட்டுக்கு வந்தார். நம் தமிழர்தான், உதவி மேனேஜர், முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்காலியில் உட்காரக்கூடத் தயங்கினார்.

"பரமேஸ்வரிம்மா, நான் போர்ஸ் பண்ணல. மெடிக்கல் லீவு முடியப் போகுது. மெடிக்கல் போர்டு (வேலைக்கு லாயக்கு உண்டா என்று மருத்துவர்கள் கூடி முடிவு செய்வது) போயிட்டா ஒங்களுக்கும் நிம்மதி. வீட்ட காலி பண்றதுக்கு ஆறு மாசம் டைம் நான் கேட்டு வாங்கித் தர்றேன்."

அவர் நல்லவர். நல்லவர்களிடம் கோபப்படுவது கஷ்டம். கஷ்டப்பட்டுக் கோபப்பட்டேன்.

"சார், போர்டுல ஒக்காருற டாக்டருங்க கொழுந்து வெட்டுறத பாத்திருக்காங்களா?"

"அது... தெரியலம்மா."

"பாக்காதவங்க எப்படி சார் சொல்லுவாங்க, என்னால முடியாதுன்னு?"

"கையே மடங்கலையேம்மா."

"மடங்கும். எனக்கு நாலு மாசம் குடுங்க. நாலு மாசம் கழிச்சு டாக்டரே எழுதிக் குடுக்கட்டும், முடியுமா முடியாதான்னு. அதுவரைக்கும் இந்த வீட்டப் பத்தி யாரும் பேசக்கூடாது."

அவர் சம்மதித்துப் போன பிறகு குணா, "நாலு மாசம்னு என்னா கணக்குல சொன்ன?" என்று கேட்டார். வாயில் வந்தது, சொன்னேன். ஒரு கணக்கும் இல்லை.

அந்த நான்கு மாதத்தை விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதினால் வீரக்கதை மாதிரி ஆகிவிடும். பெரும்பாலான நாட்கள் வெறும் சலிப்பு. நரம்பு வலிக்கான மாத்திரை தலையைச் சுற்றச் செய்தது. வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாறி மாறிக் கையை வைக்க வேண்டும். நிலைக்கண்ணாடியை நெஞ்சுக்கு நேராக நிறுத்தி, வலது கையை அதற்குப் பின்னால் ஒளித்து, முன்னால் இடது கையை அசைக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் வலது கை வலியில்லாமல் அசைவது போலத் தெரியும். மூளையை ஏமாற்றும் வைத்தியம். முதலில் சிரிப்பு வந்தது. பத்தாவது நாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த விரல் தானாக ஒரு நெல்லளவு அசைந்தபோது சிரிக்கவில்லை.

தொட்டால் எரியும் தோலைப் பழக்குவதற்குப் பஞ்சு, துண்டு, அரிசி என்று ஒவ்வொன்றாகத் தேய்க்கச் சொன்னாள் நூருல். "அரிசிக்குப் பதில் தேயிலை இருந்தால் பரவாயில்லையா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். ஒரு வாளி நிறையத் தூளை வைத்துக்கொண்டு தினமும் கையை அதற்குள் விட்டுத் துழாவினேன். குணா அந்தத் தூளில் மட்டும் தனக்குத் தேநீர் போட்டுக் கொடுக்காதே என்று கும்பிட்டார்.

கை கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. முட்டியாகப் பிடிக்கும்போது சுண்டு விரல் நுனி உள்ளங்கையைத் தொடாது, இன்றும் தொடாது. எரிச்சல் பாதியானது, அதற்குக் கீழே இறங்கவில்லை. மோதிர விரலின் ஒரு பக்கம் மரத்தே இருக்கிறது. நான்கு மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. டாக்டர் என் விரலின் கோணத்தை அளப்பார், பிடியின் பலத்தை அளப்பார், அந்த எண்களைப் பார்த்து எழுதுவார். எண்கள் எனக்குச் சாதகமாக இல்லை.

ஆகவே கொழுந்துக் கத்தரியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கோசு லோரியில் ஏறினேன்.

"எதுக்கு இது?" என்றார் குணா.

"நீங்க லோரிய ஓட்டுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார். துண்டை விலக்கிப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். "என்னா ஆன்ட்டி இது? ஆஸ்பத்திரிக்குள்ள பாராங் கத்தி கொண்டு வர்றீங்க?"

"பாராங் இல்ல தம்பி. வேலை. இது இல்லாம டாக்டரு என்னைய செக் பண்ண முடியாது."

"உள்ள விட்டா என் வேல போயிடும் ஆன்ட்டி."

"விடலன்னா என் வேல போயிடும்."

அவர் யோசித்தார். கடைசியில் கத்தரியை அவரே தூக்கிக்கொண்டு, என் பக்கத்தில் நடந்து வந்து, டாக்டர் அறை வரை கொண்டுவந்து வைத்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நான் யாரையோ வெட்ட வந்திருப்பதாக நினைத்திருக்க வேண்டும்.

டாக்டர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "இதையா நாள் முழுக்கப் பிடிக்கிறீர்கள்?" என்றார். நூருலையும் கூப்பிட்டார். கட்டிலையும் நாற்காலியையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, நடு அறையில் நின்று, இல்லாத செடியை வெட்டிக் காட்டினேன்.

முதல் தடவை அவரிடம் பொய் சொன்னேன் அல்லவா, இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. பத்து வெட்டில் "இப்போது எரிகிறது" என்றேன். இருபதில் "மணிக்கட்டுக்கு ஏறுகிறது" என்றேன். முப்பதில் கத்தரியை இறக்கினேன். "இதற்கு மேல் இப்போது முடியாது. ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி முடியும்."

ஐந்து நிமிடம் கழித்து நூருல், "ஆன்ட்டி, இரண்டு கையையும் ஏன் அசைக்கிறீர்கள்?" என்று கேட்டாள். எல்லோரும் அப்படித்தான் வெட்டுவோம். அவள் என் வலது முழங்கையை இடுப்போடு சேர்த்து வைத்தாள். "இந்தக் கை சும்மா பிடித்திருக்கட்டும். இடது கை மட்டும் திறந்து மூடட்டும்." வெட்டிப் பார்த்தேன். நாற்பது போனது. தட்டு கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் போனது. பிடியில் தடிமனான பஞ்சுச் சுற்று வேண்டும் என்றாள். சைக்கிள் டியூப்பைச் சுற்றினால் போதும், மழைக்கும் தாங்கும் என்றேன்.

டாக்டர் வெகு நேரம் தட்டச்சு செய்தார். கத்தரி வேலைக்கு லாயக்கு உண்டு. இயந்திரம் கூடாது, அதிர்வு ஆகாது. முதலில் அரை நாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மறுபரிசோதனை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "குணமாகிவிட்டது என்று நான் எழுதவில்லை" என்றார்.

"எழுத வேண்டாம் டாக்டர். முடியும் என்று எழுதினால் போதும்."

தோட்டம் அந்தத் தாளை ஏற்றுக்கொண்டது. மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டது என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் இரண்டு நிரை (செடி வரிசை) மட்டும் வெட்டினேன். மூன்றாவது நிரையில் செடிக்கு நடுவில் உட்கார்ந்து ஆத்திரத்தில் அழுதேன். அஞ்சலை தன் நிரையை விட்டுவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் என் கூடையை எடுத்துக் கொட்டிவிட்டு வந்தாள். மறுநாள் இரண்டரை நிரை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. என் வலி போகவில்லை. மழைக்கு முன்னால் வரும், கோபத்துக்குப் பின்னால் வரும், சில நாள் காரணமே இல்லாமல் வரும். போன மாதம் சுண்டு விரலுக்குக் கீழே புதிதாக ஒரு சின்ன முடிச்சு தட்டுப்பட்டது. அன்றே டாக்டருக்குச் சொல்லிவிட்டேன். மேசையில் கை இன்னும் படுகிறது, படாதபோது பார்க்கலாம் என்றார். இன்னொரு அறுவைக்கு நான் சம்மதிப்பேனா என்று இன்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பயத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டே சமைக்கவும் தூங்கவும் கற்றுக்கொண்டேன்.

முன்பு காலை என்பது தோட்டத்துக் கிராணி (கணக்குப்பிள்ளை) அடிக்கும் மணிக்குத் தொடங்கியது. இப்போது அதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே தொடங்குகிறது. வெந்நீரில் கையை வைத்து ஒவ்வொரு விரலாக இளக்க வேண்டும், அவசரப்படுத்தினால் நாள் முழுக்க முரண்டு பிடிக்கும். பிறந்ததிலிருந்து என்னோடு இருந்த கையை இந்த இரண்டு வருடமாகத்தான் பார்க்கிறேன். எந்த விரல் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். ஓய்வு பெறும் வயது வரை எத்தனை வருடம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மூன்று மாதம் என் கையில் இருக்கிறது. அது முடிந்ததும் இன்னொரு மூன்று மாதத்தைப் போய் வாங்கி வருகிறேன்.

போன வாரம் புதிய தாளைக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். சின்ன துரை வாங்கிப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். பிறகு நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்:

"வலியெல்லாம் போயிடுச்சாம்மா?"

"வலி போகல சார்" என்றேன். "நானும் போகல."